கூலிக்குத் தூங்கியவர்

அந்த வீட்டில் கட்டில் ஒன்றுதான். அதில் ரொட்டிக்காரரும் அவர் மனைவியும் தூங்கினார்கள். ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் தூங்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊர் கண்விழிக்கும் முன்பே ரொட்டி வெந்திருக்க வேண்டும் என்பதால், மற்றவர்கள் புரண்டு படுக்கும் நேரத்தில் அவருக்கு வேலை தொடங்கிவிடும். காலை ஒன்பது மணி வாக்கில் புருவமெல்லாம் மாவாக அவர் வீடு திரும்பும்போது, மனைவி மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பி நிற்பாள். வில்லைகளின் ஓரத்தைத் தேய்த்து, சட்டத்தில் பொருத்தி, கடுகளவு திருகாணிகளை முடுக்குவது அவள் வேலை. வாசலில் சாவி கைமாறும். சாப்பாடு மூடி வைத்திருப்பதாக அவள் சொல்வாள். சரி என்பார். அன்றைய குடும்பப் பேச்சில் பாதி அத்தோடு முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு திரைச்சீலையை இழுத்துவிட்டு, அவள் படுத்தெழுந்த பள்ளத்தில் அவர் படுப்பார். படுத்தால் அடித்துப்போட்ட மாதிரிதான். கனவு என்று ஒன்று வந்ததாக அவருக்கு நினைவே கிடையாது. அதை ஒரு குறையாக அவர் நினைத்ததும் இல்லை, மகளின் கல்லூரிக் கட்டணம் வந்து வாசலில் நிற்கும்வரை.

ஒரே மகள். பத்தொன்பது வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். பாலம் கட்டுகிற படிப்புதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நின்றதற்கு நல்ல கல்லூரியிலேயே இடமும் கிடைத்தது. மதிப்பெண்ணைப் பார்த்துக் கட்டணத்தில் பாதியைக் கல்லூரியே தள்ளுபடி செய்துவிட்டது. மீதிப் பாதிக்கு என்ன வழி என்று மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள். திரும்பி வரும் புத்தகங்களை அலமாரியில் அடுக்கும் வேலையைப் பாப்பா கல்லூரி நூலகத்திலேயே வாங்கிக்கொண்டாள். மனைவி கடைக்குச் சனிக்கிழமையும் போவதாகச் சொன்னாள். வங்கியில் கேட்டதற்கு, வசதியான ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால் கடன் தரலாம் என்றார்கள். வசதியானவர் என்று அந்தக் குடும்பத்துக்கு இருந்தது ஒரே ஆள், மனைவியின் தம்பி. நகரத்தின் மறுகோடியில் பல் டாக்டர். பாப்பாவுக்கு இடம் கிடைத்த அன்று அவராகவே ஃபோன் செய்து, பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றார். அதன்பிறகு இவர்கள் ஃபோன் செய்தபோது எடுக்கவில்லை. மனைவி இரண்டாம் முறை முயற்சி செய்யவும் இல்லை.

அப்படியிருக்க, ஒரு நாள் பாப்பா நூலக அறிவிப்புப் பலகையிலிருந்து ஒரு செய்தியோடு வந்தாள். பகலில் தூங்கிப் பழகியவர்கள் தேவை. கல்லூரியின் பின்பக்கக் கட்டடத்தில் தூக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது. வாரம் இரண்டு நாள் அங்கே போய்த் தூங்க வேண்டும். அதற்குக் கூலி உண்டு. பிள்ளை அங்கேயே படித்தால் அதைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம்.

ரொட்டிக்காரர் முதலில் நம்பவில்லை. பாப்பா யாரோ கேலிக்கு எழுதி ஒட்டிய காகிதத்தைப் படித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தார்.

"தூங்கறதுக்கா?"

"ஆமாப்பா. சும்மா தூங்கணும். அவ்ளோதான்."

"அப்ப இத்தனை வருஷமா நான் இலவசமா தூங்கிட்டிருந்தேனா?"

மனைவி வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்த அறை இரண்டாம் மாடியில், நீண்ட நடையின் கடைசியில் இருந்தது. ஜன்னலுக்குச் சாம்பல் நிறத்தில் கனத்த திரை. உள்ளே நுழைந்ததும் பகல் எங்கோ தொலைவுக்குப் போய்விடும். சுவரெல்லாம் மெத்தென்று ஏதோ ஒட்டியிருந்ததால் சொந்தக் காலடிச் சத்தம்கூடத் தனக்குக் கேட்காது. ஒரு ஒற்றைக் கட்டில், இறுக்கிச் செருகிய வெள்ளைப் போர்வை, எங்கோ அடிவயிற்றில் உறுமுவதுபோல் ஓடும் இயந்திரம். ஆராய்ச்சி செய்கிற பெண் அவர் தலையில் சில்லென்ற பசையைத் தொட்டு வைத்து, இருபது இருபத்தைந்து ஒயர்களை ஒட்டுவாள். அவருக்கு முழு வழுக்கை என்பதால் அந்த வேலை சுலபமாக முடிந்தது. அவர் அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டார். தான் இன்னும் டாக்டர் ஆகவில்லை, தானும் இங்கே மாணவிதான், அடுத்தவர் தூங்குவதை விழித்திருந்து பார்ப்பதற்குத்தான் தனக்கு உதவித்தொகை வருகிறது என்று அவள் விளக்கினாள். அவர் கேட்டுக்கொண்டார். டாக்டரம்மாவை மட்டும் விடவில்லை.

தூங்கச் சொன்னால் தூங்குவதில் அவருக்கு என்ன சிரமம்? பஞ்சுக்குள் இறங்குவதுபோல் இறங்கிவிடுவார். இரண்டரை மணி நேரம் கழித்து அவள் தோளைத் தொட்டு எழுப்பி, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மெல்லக் கேட்பாள்.

"என்ன பாத்தீங்க?"

"ஒண்ணும் இல்ல, டாக்டரம்மா."

முதல் வாரமும் ஒன்றுமில்லை, மூன்றாம் வாரமும் ஒன்றுமில்லை. வெளியே நடையில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் தன்னைப் போலவே தூங்க வந்தவர்களைப் பார்ப்பார். ஒரு நர்ஸ், ஒரு காவலாளி, விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். அந்த நர்ஸ், நேற்று ஒரு கால் மணி நேரம் தன் கனவைச் சொன்னதாகவும் டாக்டரம்மா கை வலிக்க எழுதியதாகவும் பெருமையாகச் சொன்னாள். ரொட்டிக்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். ஆளுக்கு ஆள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். தான் மட்டும் வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு போகிறோம். இந்த ஆள் சரிப்பட மாட்டார் என்று நிறுத்திவிட்டால் பாப்பாவின் படிப்பு என்ன ஆவது?

ஆகவே அடுத்த முறை அவர் துணிந்து ஒரு பொய் சொன்னார்.

"ஒரு மாடு வந்துச்சு."

"அப்புறம்?"

"போயிடுச்சு."

அவள் எழுதிக்கொண்டாள். என்ன நிறம் என்று கேட்டாள். அதைக் கவனிக்கவில்லை என்றார். வீடு வரும்வரை அவருக்கு அந்த மாட்டைப் பற்றியே யோசனை. ரொட்டி சுடத் தெரிந்த அளவுக்குப் பொய் சுடத் தெரியவில்லை என்பது அவருக்கே புரிந்தது. இனிமேல் இரவல் வாங்குவதைத் தவிர வழியில்லை.

பிசைந்த மாவு உப்பி வரும்வரை ரொட்டிக்கூடத்தில் எல்லோருக்கும் சற்று ஓய்வு. அந்த நேரத்தில் அவர் ஒவ்வொருவராகப் பிடித்து, நேற்று என்ன கனவு கண்டீர்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார். சிரிப்பார்கள் என்று பயந்தார். யாரும் சிரிக்கவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று வெகுகாலமாகக் காத்திருந்ததுபோல் சொன்னார்கள். மாவு பிசைகிறவர், ஆற்றங்கரைப் படியில் இறந்துபோன தன் அண்ணன் உட்கார்ந்து சைக்கிள் கழுவுவதைப் பார்ப்பாராம். கழுவிக் கழுவிச் சைக்கிள் தண்ணீரிலேயே கரைந்துவிடுமாம். ரொட்டிக்கு உறை போடுகிற அம்மாளுக்குப் பல்லெல்லாம் சட்டைப் பித்தானாக மாறும். முதலாளிகூடக் கல்லாவை விட்டு எழுந்து வந்து, காற்றில் ஓடும் ஒரு தொப்பியைத் தான் வருஷக்கணக்காகத் துரத்துவதைச் சொன்னார்.

கனவில் தொடங்கும் பேச்சு பிள்ளைகளில் போய் முடியும். பிசைகிறவரின் மகன் ஒரு பருவம் படித்து, ஒரு பருவம் கிரேன் ஓட்டி, அந்தச் சம்பளத்தில் அடுத்த பருவம் படிக்கிறான். நாலு வருஷப் படிப்பு எட்டு வருஷமாக நீள்கிறது. உறை போடும் அம்மாளின் மகளை ஒரு மருத்துவமனை படிக்க வைக்கிறது. முடித்ததும் ஐந்து வருஷம் அங்கேயே வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். ரொட்டிக்காரர் தான் தூங்கிப் படிக்க வைப்பதைச் சொன்னபோது, கொடுத்து வைத்தவர் என்றார்கள் இருவரும்.

சைக்கிளும் பித்தானும் தொப்பியும் ஒவ்வொன்றாகச் சாம்பல் திரை போட்ட அறைக்குப் போய்ச் சேர்ந்தன. டாக்டரம்மா தலையை ஆட்டி ஆட்டி எழுதினாள். சொல்லச் சொல்ல அவருக்கும் ருசி தட்டியது. திரும்பும் வழியில் தெருவெல்லாம் லேசாக மிதப்பதுபோல் இருக்கும். எதிரே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, இவர் எதைப் பார்த்துவிட்டு எழுந்தாரோ என்று நினைத்துக்கொள்வார். சரக்கு தீர்ந்தது ஒரு நாள். அன்று காலை வாசலில் சாவி கைமாறும்போது, ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் இல்லாமலும் நின்ற மனைவியிடம் கேட்டார்.

"உனக்குக் கனவு வருமா?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இருபது வருஷத்துல இன்னைக்குத்தான் கேக்கறீங்க."

பிறகு, பஸ் போய்விடுமே என்கிற அவசரம் இல்லாமல், கதவில் சாய்ந்தபடி சொன்னாள். ஒரே கனவுதான், மாதத்துக்கு ஒரு முறையாவது வரும். நீண்ட நடை, இரண்டு பக்கமும் கதவுகள். கையில் புது நோட்டு, அதன் காகித வாசம்கூடத் தெரியும். பதினாலாம் எண் கதவுக்குள் வருகைப்பதிவு எடுக்கிறார்கள். தன் பெயர் வருகிறது. வாயைத் திறந்தால் சத்தம் வரவில்லை. பின்னல் வேறு அவிழ்ந்துகொண்டே போகிறது. நோட்டைப் பிடித்தால் பின்னலைப் பிடிக்க முடியவில்லை. அடுத்ததாகத் தம்பியின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். அவன் உள்ளேன் என்கிறான்.

சொல்லிவிட்டு மற்றச் செருப்பையும் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அந்தக் காலத்தில் கல்லூரியில் இடம் கிடைத்திருந்ததும், ஒரு பிள்ளையைத்தான் அனுப்ப முடியும் என்று அவள் அப்பா சொன்னதும், ஒரு வயது இளைய தம்பி போனதும் அவருக்குத் தெரிந்ததுதான். தினமும் கடந்து போகிற சுவரில் ஆணி இருப்பது தெரிகிற மாதிரித் தெரியும், அவ்வளவுதான். அன்று படுத்தபோது அவருக்கு உடனே தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஆராய்ச்சி அறையில் எழுப்பியதும், அவர் எழுந்து உட்கார்ந்து அதைச் சொல்ல ஆரம்பித்தார். மற்றவர்களுடையதைச் சொன்னதுபோல் இதைச் சொல்ல முடியவில்லை. நடையைச் சொல்லும்போதே கண்முன் அந்த நடை நீண்டது.

"பேரைக் கூப்பிடறாங்க. வாயைத் திறக்கறேன், சத்தமே வரலை. பின்னல் வேற அவுந்துக்கிட்டே போகுது. நோட்டைப் பிடிப்பேனா, இதைப் பிடிப்பேனா…"

பேனா நின்றது. டாக்டரம்மா நிமிர்ந்து, ஒயர் ஒட்டிய அந்த வழுவழுத் தலையைப் பார்த்தாள். அவருடைய வலது கை, இல்லாத பின்னலைத் தோளருகே இறுகப் பிடித்திருந்தது.

அவர் கையைக் கீழே இறக்கினார். ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை. மாடு முதல் தொப்பி வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். கூலியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாகவும், மகள்மேல் எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளும்படியும் கேட்டார்.

அவள் கோபப்படவில்லை. இயந்திரத்திலிருந்து வந்த காகிதச் சுருளை விரித்து, அதில் சோம்பலாக ஏறி இறங்கும் கோடுகளைக் காட்டினாள். கூலி இந்தக் கோட்டுக்குத்தான் என்றாள். அவரைப்போல் ஆழமாகத் தூங்குகிறவர் அந்தக் குழுவில் வேறு யாருமில்லை; அவரை எழுப்புகிற நேரத்தில் கனவு நினைவில் நிற்க வாய்ப்பே குறைவு; கனவைக் கேட்பது ஒரு துணைக்கேள்வி, இல்லை என்பதும் ஒரு பதில்தான்.

"அப்ப நான் சொன்னது பொய்னு உங்களுக்குத் தெரியுமா?"

"மாடு வந்தப்பவே சந்தேகம்தான். சைக்கிள் வந்தப்ப நம்பிட்டேன்."

நோட்டைப் பின்னோக்கிப் புரட்டி, அந்தப் பக்கங்களின் குறுக்கே கோடு இழுத்து, ஓரத்தில் 'மற்றவர்களுடையது' என்று எழுதினாள். இன்றைய பக்கத்துக்கு வந்ததும் கோடு போடாமல் சற்று நேரம் வைத்திருந்தாள்.

"இது யாரோடது?"

"என் வீட்டுக்காரியோடது."

"அவங்க அப்புறம் படிச்சாங்களா?"

ஒயர்களைக் கழற்றுவதற்காக அவர் தலையைத் தாழ்த்திக் காட்டினார்.

வீட்டில் மறைத்து வைக்க அவருக்குத் தெரியாது. மாலை மனைவி கடையிலிருந்து வந்து முகம் கழுவியதும் நடந்ததைச் சொன்னார். அவள் துண்டால் முகத்தைத் துடைத்தபடியே கேட்டாள். முடிந்ததும் துண்டை மடித்து வைத்தாள்.

"என் கனவைக் கொண்டுபோய் வித்துட்டீங்களா?"

கத்தியிருந்தால் தேவலை. அவள் குரலை உயர்த்தவே இல்லை. மறுநாளிலிருந்து அவர் வரும்முன்பே அவள் கிளம்பிவிட்டாள். சாவி பக்கத்து வீட்டில் இருந்தது. பதினோரு நாள் இப்படி ஓடியது. ரொட்டிக்காரர் நடக்கிறாரா மிதக்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு நாள் இரண்டு தட்டு ரொட்டியைக் கருக விட்டார். இருபத்தாறு வருஷ வேலையில் அது முதல் தடவை. கல்லூரியில் ஒயரை ஒட்டிக்கொண்டு மல்லாந்து கிடந்தார், கோடு கொந்தளித்தது, தூக்கம் மட்டும் வரவில்லை. அந்த மாதத்தோடு ஆராய்ச்சியும் முடிந்தது. முதல் வருஷக் கட்டணம் ஒருவழியாகக் கட்டியாகிவிட்டது. மிச்சமிருக்கும் வருஷங்களுக்குத் தூங்குவதற்கு அவருக்கு வேறு இடமில்லை.

வீட்டின் மௌனத்தைப் பாப்பா மோப்பம் பிடித்துவிட்டாள். அப்பாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டு, முழுக்கதையையும் வாங்கிக்கொண்டாள். அம்மாவுக்கும் ஒரு காலத்தில் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது என்பதை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் மூவரும் சமையலறையில் இருந்தபோது, தான் ஒரு வருஷம் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னாள். சாலை போடும் கம்பெனியில் அளவு எடுக்க ஆள் கேட்கிறார்கள். பணம் சேர்ந்ததும் திரும்பி வந்து தொடரலாம். நல்ல யோசனையாகத்தான் பேசினாள், விரல்விட்டு எண்ணிக் காரணம் சொன்னாள்.

மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினாள்.

"இந்தக் குடும்பத்துல ஒருத்தி நிறுத்தினது போதும்," என்றாள். பிறகு பதினோரு நாளில் முதல் முறையாகக் கணவரை நேராகப் பார்த்தாள். "நாளைக்குத் தம்பியைப் பாக்கப் போறேன். நீங்களும் வாங்க."

தம்பியின் பல் மருத்துவமனை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். தம்பி வீட்டுக்குப் போனால் அவன் மனைவி, பிள்ளைகள், விருந்து உபசாரம் என்று பேச்சு கரைந்துபோகும் என்பதால், அவள் வேறு யாரோபோல் ஃபோன் செய்து நேரம் வாங்கியிருந்தாள். வரவேற்பில் இருந்த பெண் எண் கொடுத்து உட்காரச் சொன்னாள். ரொட்டிக்காரர் கைகளை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு, மேசைமேல் திறந்து மூடக்கூடிய பெரிய பிளாஸ்டிக் பல்வரிசையைப் பார்த்தபடி இருந்தார். எண் வந்ததும் மனைவி கைப்பையை அவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கதவு மூடியது. உள்ளே பேச்சுக்குரல் கேட்டது, பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை, பிறகு இயந்திரம் ஓடும் சத்தம். முக்கால் மணி நேரம் கழித்து அவள் வெளியே வந்தாள். கதவுவரை தம்பி கூடவே வந்தார். அவர் கண் சிவந்திருந்தது. மாமா என்று ரொட்டிக்காரரின் கையைப் பிடித்தார்.

பஸ் காலியாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த மனைவியின் கன்னம் ஒரு பக்கம் லேசாக வீங்கியிருந்தது. மரத்துப்போன உதட்டோடு அவள் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினாள்.

"போனதும் நாற்காலியைச் சாய்ச்சு, யாருன்னு பாக்காமலே வாயைத் திறங்கன்னான். இன்னைக்கு நான்தான் பேசுவேன், நீ கேளுன்னேன்."

"என்ன சொன்னே?"

"நீ படிச்ச படிப்புல எனக்கும் ஒரு இடம் இருக்குடா, அதை என் பொண்ணுக்குக் குடுன்னேன். வேற ஒண்ணும் சொல்லலை." பஸ் கொஞ்ச தூரம் போனது. "என்னைக்காவது நீ கேப்பேன்னு இத்தனை வருஷமா பயந்துக்கிட்டிருந்தேங்கா, அதான் ஃபோனை எடுக்கலைன்னான். அழுதான். மிச்ச வருஷமெல்லாம் என் பொறுப்புன்னு எழுதியே குடுத்துட்டான்."

"அப்புறம் ஏதோ மிஷின் சத்தம் கேட்டுதே."

"பின்பக்கம் ஒரு பல்லு சொத்தையாம். வந்ததுதான் வந்தே, அடைச்சுடறேன்னான்."

ரொட்டிக்காரர் சிரித்தார். அவளும் சிரிக்கப் பார்த்தாள். பாதி வாய்தான் ஒத்துழைத்தது. வெளியே மத்தியான வெயிலில் மூடிய கடைகள், ஒரு மைதானம், துணி உலர்த்திய மாடிகள் எல்லாம் மெல்ல நழுவிப் போயின. அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. கண்டக்டர் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ரொட்டிக்காரர் அவளைப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை, அவரும் எழுந்திருக்கவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

இருபது வருஷம் அந்த வழியில் பஸ் ஏறியும் கடைசி நிறுத்தம் எப்படி இருக்கும் என்று இருவருமே பார்த்ததில்லை. ஒரு தண்ணீர்த் தொட்டி, புல் முளைத்த வெட்டவெளி, யாரோ எப்போதோ கொண்டுவந்து போட்ட பெரிய சிமெண்டுக் குழாய்கள். டிரைவர் இஞ்சினை அணைத்ததும் காற்றின் சத்தம் மட்டும் இருந்தது. டீ வாங்கி வரட்டுமா என்று அவர் கேட்டார். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு எதையும் வாயில் வைக்கக் கூடாதாம் என்றாள். வெயில் படாத பக்கமாக ஒரு குழாய்மேல் கைக்குட்டையை விரித்து அவளை உட்காரவைத்து, அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வண்டி திரும்பிப் போக முக்கால் மணி நேரமாகும் என்று டிரைவர் அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார்.

"பரவாயில்ல," என்றாள் அவள்.